வந்துட்டுப் போயிருக்கு

அன்று காலை அப்பாவின் கையில் டம்ளர் நிற்கவில்லை. காபி வேட்டியெல்லாம் வழிந்து, டம்ளர் திண்ணைக்குக் கீழே உருண்டு போனது. "என்னாச்சுங்க" என்று அம்மா ஓடி வந்தார். பதில் சொல்ல வாயெடுத்த அப்பாவுக்குச் சொல் குழறியது. வாயின் வலது ஓரம் கீழே இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றிக்கொண்டு சென்னிமலையிலிருந்து ஈரோட்டுக்குப் புறப்பட்டோம். வெள்ளோடு தாண்டும்போது அப்பா தெளிவாகக் கேட்டார்: "எங்க கண்ணு போறோம்?" கையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார். கோணிய வாய் நேராகியிருந்தது.

ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகு டாக்டர் சொன்ன பெயர், டிரான்சியன்ட் இஸ்கீமிக் அட்டாக். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் தொழில். மருந்துச் சீட்டுகள், ஒப்பந்தங்கள், அரசாணைகள் என்று 18 வருடமாகச் செய்துவருகிறேன். டிரான்சியன்ட் என்று எங்கே வந்தாலும் கை தானாக 'தற்காலிக' என்று தட்டிவிடும். அதே பழக்கத்தில் அம்மாவிடம் திரும்பி, "மூளைக்குப் போற ரத்தம் தற்காலிகமா தடைப்பட்டிருக்கும்மா" என்றேன்.

அம்மாவின் முகம் வெளுத்துப் போனது.

"தற்காலிகம்னா என்ன கண்ணு? ரேசன் கார்டு வர்ற வரைக்கும் ஒரு சீட்டு குடுப்பாங்களே, அந்த மாதிரியா? அப்ப நிரந்தரமானது பின்னால வருதா?"

ஆறுதலுக்காக நான் சொன்ன சொல் அம்மாவுக்கு அச்சமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. யோசித்தால் அம்மா கேட்டதில் பிழையே இல்லை. தற்காலிக ஆசிரியர், தற்காலிகப் பாலம், தற்காலிகப் பேருந்து நிலையம் என்று எங்கே கேட்டாலும், அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிரந்தரமான ஒன்று வரிசையில் நிற்கிறது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். அடைப்பு தானாகக் கரைந்துவிட்டது, மூளையில் தழும்பு எதுவும் இல்லை. ஆனால் இது ஓர் எச்சரிக்கை, பெரிய பக்கவாதம் வருவதற்கான அபாயம் அடுத்த சில நாட்களில் அதிகம், முதல் இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

"அப்ப, வந்துட்டுப் போயிருக்குன்னு சொல்லு."

அன்று இரவு வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சொல்லை மறுபடி பார்த்தேன். டிரான்சியன்ட் லத்தீனிலிருந்து வந்தது. டிரான்ஸ் என்றால் குறுக்கே, அப்பால்; ஈரே என்றால் போவது. இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போய்விடுவது. டிரான்சிட் என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். அகராதியைத் தொட்டே பார்த்திராத அம்மா, 'வந்துட்டுப் போயிருக்கு' என்று அந்த வேரின் மேலேயே கையை வைத்திருந்தார். 18 வருடம் அந்தச் சொல்லோடு புழங்கிய எனக்கு அது தோன்றியதில்லை. அன்றிலிருந்துதான் நீடிக்காத பொருள்களுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களை ஒவ்வொன்றாக ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.

அந்த நோயின் வரையறையே நகர்ந்து வந்திருக்கிறது. அறிகுறிகள் 24 மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டால் டிரான்சியன்ட் என்று பல காலம் வைத்திருந்தார்கள். எம்.ஆர்.ஐ. வந்த பிறகு, அறிகுறி சீக்கிரம் மறைந்தவர்கள் சிலருக்கும் மூளைத் திசு செத்திருப்பது தெரியவந்தது. 2009-இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் கடிகாரக் கணக்கை விட்டுவிட்டன. எவ்வளவு நேரம் இருந்தது என்பது போய், போகும்போது காயத்தை விட்டுச் சென்றதா என்பது கணக்காயிற்று. எனக்கு இது மிகவும் சரி என்று படுகிறது. கடந்து போவது என்றால் தடமில்லாமல் கடந்து போயிருக்க வேண்டும்.

மின்பொறியாளர்கள் சுவிட்சைப் போடும் நொடியில் கம்பியில் எழுந்து அடங்கும் மின்னழுத்த எழுச்சியை டிரான்சியன்ட் என்கிறார்கள். வானியலாளர்களுக்கு அது, நேற்று இல்லாமல் இன்று ஒளிர்ந்து சில வாரத்தில் மங்கிவிடும் வான்பொருள். கலிபோர்னியாவின் பாலமார் மலையில் 2018 முதல் இப்படி வந்து போகிறவற்றைப் பிடிப்பதற்கென்றே ஒரு கேமரா இரவெல்லாம் வானத்தைத் துழாவிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் வீடு வாசல் இல்லாமல் ஊர் ஊராகத் திரிகிற மனிதரையும் இதே சொல்லால் குறிக்கிறார்கள். அந்தப் பயன்பாட்டைப் படிக்கும்போதெல்லாம் மனது சங்கடப்படுகிறது. அடைப்பு கடந்து போகலாம், மின்னழுத்தம் கடந்து போகலாம். மனிதனை அப்படிச் சொல்லலாமா?

இதற்கு ஒரு தம்பிச் சொல் உண்டு: டிரான்சிட்டரி. 2021-இல் உலகமே அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றிச் சண்டை போட்டது. கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்காவில் விலைவாசி ஏறியபோது, அந்நாட்டு மத்திய வங்கியின் தலைவர் ஜெரோம் பவல் அந்த ஏற்றத்தை டிரான்சிட்டரி என்று சொல்லிவந்தார். கேட்டவர்கள் 'சீக்கிரம் இறங்கிவிடும்' என்று எடுத்துக்கொண்டார்கள். இறங்கவில்லை. நவம்பர் 30 அன்று செனட் குழுவின் முன்னால் பவல் கொடுத்த விளக்கம் முக்கியமானது. பலருக்கு அந்தச் சொல் குறுகிய காலம் என்று பொருள்படுகிறது, நாங்களோ நிரந்தரத் தடம் விட்டுச் செல்லாது என்ற பொருளில் சொன்னோம், அந்தச் சொல்லுக்கு ஓய்வு கொடுக்க இதுவே நல்ல நேரம் என்றார். 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது, 40 ஆண்டுகளில் காணாத உயரம். நரம்பியல் மருத்துவர்கள் 2009-இல் பட்ட அதே சிக்கலில் வங்கியாளர்கள் 2021-இல் மாட்டிக்கொண்டார்கள். சொல் அளப்பது நேரத்தையா, தடத்தையா?

டெம்பரரிக்கு வருகிறேன். தற்காலிகம் என்ற சொல் உண்மையாகவே பொருந்துகிற இடம் அதுதான். டெம்பஸ் என்றால் காலம். 'காலிகம்' அப்படியே அதற்கு நேர். டெம்பரரி என்பதில் ஒரு மனிதக் கை இருக்கிறது. யாரோ முடிவு செய்து, இது இவ்வளவு காலத்துக்கு என்று வைத்திருக்கிறார்கள். இயற்கை எதையும் தற்காலிகமாகச் செய்வதில்லை. மழைத்துளி தற்காலிகமானது என்று யாராவது சொன்னால் காதுக்கு உறுத்தும்.

மனிதர் தற்காலிகமாக வைத்தவை எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு ஆங்கில மொழியே நம் நாட்டில் சாட்சி. அரசியலமைப்பின் 343-ஆவது பிரிவு 15 ஆண்டுகளுக்கு மட்டும்தான் ஆங்கிலத்துக்கு இடம் கொடுத்தது. 1965 ஜனவரி 26 அன்று அது விலக வேண்டும். 1963 ஆட்சிமொழிச் சட்டம் அதற்குப் பிறகும் ஆங்கிலம் தொடர 'மே' என்ற சொல்லைப் போட்டது. தொடரலாம் என்றால் தொடராமலும் இருக்கலாமே என்று தமிழ்நாடு கேட்டது. 1965-இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிர்கள் போயின. 1967 திருத்தச் சட்டத்துக்குப் பிறகுதான், இந்தியை ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஒப்புக்கொள்ளும் வரை ஆங்கிலம் இருக்கும் என்று உறுதியாயிற்று. நீடிக்காதவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை நான் இங்கே உட்கார்ந்து அலசுகிறேன் என்றால், அந்த ஆங்கிலமே இங்கு நீடிக்காது என்று எழுதிவைக்கப்பட்ட ஒன்று. இதை எழுதும்போது உடம்பு ஒரு கணம் சிலிர்க்கிறது.

தற்காலிகத்தின் கூடவே வருகிற ப்ரொவிஷனல், இன்டரிம் இரண்டையும் நம் அலுவலகத் தமிழ் பாதிதான் பிரித்திருக்கிறது. இன்டரிம் என்பதற்கு 'இடைக்கால' என்ற அருமையான சொல் கிடைத்தது: இடைக்கால நிவாரணம், இடைக்காலத் தடை. ப்ரொவிஷனல் சர்டிபிகேட் மட்டும் தற்காலிகச் சான்றிதழாகவே தங்கிவிட்டது. அதன் வேரில் இருப்பது முன்கூட்டிப் பார்த்து ஏற்பாடு செய்வது. பட்டமளிப்பு விழா வரும் என்று முன்பார்த்துக் கொடுக்கிற சீட்டு அது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த சொல். எஃபெமரல்.

கிரேக்கத்தில் ஹெமேரா என்றால் பகல், நாள். எபி என்றால் மேல். ஒரு நாளின் மேல் அமர்ந்திருப்பது, அந்த நாளோடு முடிவது. ஒரே நாளில் விட்டுவிடும் காய்ச்சலைப் பழைய மருத்துவர்கள் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். கருங்கடல் பக்கம் ஹைபானிஸ் என்ற ஆற்றில் கோடைக்காலத்தில் சிறு கூடுகள் மிதந்து வரும், அவற்றிலிருந்து சிறகுள்ள ஓர் உயிர் வெளிப்பட்டு மாலைவரை பறந்து, சூரியன் இறங்கும்போது செத்துவிடும் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். அதற்கு வழங்கிய பெயர் எஃபெமெரான். இன்றைக்கும் மேஃபிளை என்ற பூச்சிகளின் மொத்த வரிசைக்கும் அறிவியல் பெயர் எஃபெமரோப்டெரா. சிறகு முளைத்த பிறகு அவை சாப்பிடுவதில்லை. வேலை செய்யும் வாயே கிடையாது. டோலேனியா அமெரிக்கானா என்ற இனத்தில் முதிர்ந்த பெண்பூச்சி 5 நிமிடம்கூட உயிரோடு இருப்பதில்லை. அதற்குள் இணை சேர்ந்து முட்டையிட்டுவிடும். ஆனால் அதற்கு முன்னால் அது ஆற்று மணலுக்குள் மாதக்கணக்கில் புழுவாக வாழ்ந்திருக்கிறது. நாம் பார்ப்பது கடைசி 5 நிமிடத்தை மட்டும். ஒருநாள் பூச்சி என்று பெயர் வைத்தது நம் கண்.

எங்கள் ஊரில் முதல் மழைக்குப் பிறகு தெருவிளக்கைச் சுற்றும் ஈசலையும் அப்படித்தான் சொல்வோம், ஒருநாள் உயிர் என்று. பெரும்பாலானவை பல்லிக்கும் காக்கைக்கும் இரையாகின்றன. ஆனால் தப்பித்த ஒரு ஜோடி சிறகை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் போய்ப் புதிய புற்றைத் தொடங்கும். அந்த ராணி வருடக்கணக்கில் முட்டையிடுவாள். முடிந்துபோவது சிறகு மட்டும்.

அதே ஹெமேராவிலிருந்து வந்த இன்னொரு சொல்தான் எஃபெமெரிஸ், கிரகங்கள் ஒவ்வொரு நாளும் எங்கே இருக்கும் என்ற அட்டவணை. ஜோதிடம் பார்ப்பவர்கள் சகஜமாகப் புழங்குகிற சொல். கொல்கத்தாவில் இருக்கும் மத்திய அரசின் வானியல் மையம் ஆண்டுதோறும் இதை அச்சிடுகிறது. கைபேசியில் வழி பார்க்கிறோமே, ஜி.பி.எஸ்., அதிலும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் எஃபெமெரிஸை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நான் இப்போது இங்கே இருக்கிறேன் என்ற அந்தச் செய்தி சுமார் 4 மணி நேரத்துக்குத்தான் செல்லும், பிறகு புதியது வேண்டும். ஒரு நாள் வாழ்கிற பூச்சிக்கும், கோள்களின் கணக்குக்கும், வானத்தில் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கருவியின் செய்திக்கும் ஒரே வேர்.

எஃபெமரா என்று இன்னொன்றும் உண்டு. பேருந்துச் சீட்டு, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி லேபிள். அன்றைய வேலை முடிந்ததும் தூக்கிப்போடுவதற்கென்றே அச்சான காகிதங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் தலைவராக இருந்த ஜான் ஜான்சன் (1882–1956) இவற்றை லட்சக்கணக்கில் சேர்த்தார். 1968-இல் அந்தக் குவியல் பாட்லியன் நூலகத்துக்கு வந்தது. நம் பக்கத்தில் அதே காரியத்தைச் செய்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. நூல்களோடு நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் அவர் சேர்த்துவைத்தார். அவர் பெயரில் 1994 முதல் சென்னையில் இருக்கும் ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், அன்றைய விலை, அன்றைய அச்செழுத்து, அன்றைய மரியாதைச் சொல் எல்லாம் பெரிய புத்தகங்களைவிட அந்த ஒற்றைத் தாள்களில்தான் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. நாளைக்கு என்று நினைத்து எழுதியவர்கள் கவனமாக எழுதினார்கள். இன்றைக்கு மட்டும் என்று எழுதியவர்கள் உள்ளபடி எழுதினார்கள்.

எஃபெமரலுக்குத் தமிழ் என்ன? 'ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்தானாம்' என்கிறோம். ஒருநாள் கூத்து! வேருக்கு வேர் பொருந்துகிறது. ஆனால் அதில் ஓர் இளக்காரம் ஒட்டியிருக்கிறது, எஃபெமரலில் அது இல்லை. எங்கள் வாசல் பூவரசைப் பார்க்கிறேன். காலையில் மஞ்சளாகத் திறக்கிற பூ, பொழுது சாயச் சாயச் சிவந்து வாடுகிறது. அதை ஒருநாள் கூத்து என்று சொல்ல நாக்கு வரவில்லை.

அந்தப் பூவரசுக்குக் கீழேதான், மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு, அப்பா கட்டில் போட்டுக்கொண்டார். சென்னிமலைப் போர்வைகளுக்கு நூல் சாயம் போட்டவர் அவர், 40 வருடம். என் நோட்டை வாசித்துக் காட்டச் சொல்வார். ஃபியூஜிட்டிவ் என்ற சொல்லுக்கு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். போலீஸ் தேடும் தப்பியோடிக்கு மட்டும் அது பெயரில்லை. வண்ணக்காரர்கள், வெயிலில் வெளுத்து ஓடிவிடும் நிறத்தை ஃபியூஜிட்டிவ் என்கிறார்கள். ஃபூகெரே என்றால் ஓடுவது.

"சாயம் போகும்னு சொல்றதுதானே கண்ணு. ஓடுறதுன்னா என்ன, போறதுன்னா என்ன."

வான்கோ ஆர்ல் ஊரில் 1888-இல் வரைந்த தன் படுக்கையறை ஓவியத்தைப் பற்றிச் சொன்னேன். சுவர் இளம் ஊதா என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இன்று பார்த்தால் நீலம். ஊதாவுக்குள் இருந்த சிவப்பு ஓடிவிட்டது. 1890-இல் அவர் வரைந்த ரோஜாக்களும் அப்படியே. இளஞ்சிவப்பாக இருந்தவை இன்று வெள்ளை ரோஜாக்களாக நிற்கின்றன. அந்தச் சாயங்கள் நிற்காது என்று அவருக்குத் தெரியும். காலம் எப்படியும் வெளுக்கவைக்கும், அதனால் கூடுதல் அழுத்தமாகவே போட வேண்டும் என்பது அவர் கணக்கு. அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மனுசன் சாயம் தெரிஞ்சவரு" என்றார்.

மெட்ராஸ் கட்டத்துணியின் கதை அப்பாவுக்கு முன்பே தெரியும். 1950களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன கைத்தறிக் கட்டத்துணி, துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கி, ஒரு கட்டத்தின் நிறம் அடுத்த கட்டத்தில் கலந்தது. 1960களில் அங்கே அதை 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்றே அழைத்து, சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம் கொடுத்து விற்றார்கள். ஒவ்வொரு சலவைக்கும் சட்டை வேறொன்றாக மாறுவதை விரும்பி வாங்கினார்கள். ப்ளீட் என்றால் ரத்தம் கசிவது. துணிக்கு உயிர் இருப்பதாக நினைத்தால்தான் அப்படியொரு வினை வரும்.

இதற்கு எதிர்ச்சொல்லைக் கேட்டார் அப்பா. கெட்டிச் சாயத்துக்கு ஆங்கிலத்தில் ஃபாஸ்ட் கலர். அதே ஃபாஸ்ட்தான், வேகம் என்று நாம் சொல்கிற ஃபாஸ்ட். அதன் பழைய பொருள் இறுக்கம், உறுதி. இறுக்கமாகத் தொடர்ந்து ஓடுவதிலிருந்து வேகம் என்ற பொருள் பிறகு முளைத்தது. நிற்பதற்கும் ஓடுவதற்கும் ஒரே சொல் என்பதை அப்பாவால் நம்ப முடியவில்லை, இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

ஃப்ளீட்டிங் என்பது லத்தீனோ கிரேக்கமோ அல்ல, மண்ணின் ஆங்கிலம். பழைய ஆங்கிலத்தில் மிதப்பது, நீரோடு போவது. கப்பல் கூட்டத்தைக் குறிக்கும் ஃப்ளீட், மிதப்பதைக் குறிக்கும் ஃப்ளோட் எல்லாம் ஒரே குடும்பம். லண்டனின் ஃப்ளீட் தெருவுக்குப் பெயர் தந்த ஃப்ளீட் ஆறும் அதே வேர்தான். அந்த ஆறு இன்று நகரத்துக்கு அடியில் சாக்கடைக் குழாய்க்குள் ஓடுகிறது. மொமன்ட் என்பது இடைக்கால ஐரோப்பாவில் ஒரு மணியில் 40-இல் ஒரு பங்கு, சராசரியாக 90 நொடி. நம் இலக்கணக்காரர்கள் மாத்திரைக்கு அளவாகக் கண்ணிமைப்பதையும் கைந்நொடிப்பதையும் வைத்தார்கள். குற்றியலுகரத்துக்கு அதிலும் பாதி. அவர்களுடைய மொமன்ட்டுக்குள் நம் மாத்திரை எத்தனை அடங்கும் என்று நினைத்துப் பார்க்கவே இனிக்கிறது.

செடிகளைப் படிப்பவர்களின் துல்லியம் எனக்கு மிகவும் பிடிக்கும். பூவுக்கு அடியில் இருக்கும் பச்சைப் புல்லிவட்டம், பூ விரிந்த உடனேயே விழுந்துவிட்டால் கேடுகஸ். பூ முடியும்போது விழுந்தால் டெசிடுவஸ். காய்த்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தால் பெர்சிஸ்டன்ட். முதல் இரண்டும் காடெரே, விழுதல் என்ற வேரில் வந்தவை. பிரம்மதண்டுச் செடியில் முதல் வகையைப் பார்க்கலாம், கடுகுப் பூவில் இரண்டாவதை. மூன்றாவது கத்தரிக்காயின் தலையில் இருக்கிற தொப்பி. பால்பல்லுக்கும் ஆங்கிலத்தில் டெசிடுவஸ் பல் என்றுதான் பெயர்.

இப்படி எழுதிக்கொண்டே போனபோது நோட்டில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. கடப்பது, ஓடுவது, மிதப்பது, விழுவது, ஒரு நாளோடு முடிவது. ஆங்கிலத்தின் ஒவ்வொரு சொல்லும், பொருள் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைவிட எப்படிப் போனது என்பதையே வேரில் வைத்திருக்கிறது. நம் எழுத்துத் தமிழோ நிலையற்ற, நில்லாத, நிலையாமை என்று நிற்பதை நடுவில் வைத்து, அது இல்லை என்கிறது. பெரிய சொற்கள்தான். வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும்போது அவற்றுக்கு ஈடு இல்லை. ஆனால் மருந்துச் சீட்டுக்கும் சாயத்துக்கும் பூவுக்கும் அவை பெரியவை.

எவனெசன்ட் என்ற சொல்லில்தான் இது எனக்கு உறைத்தது. வானுஸ், வெறுமை, வெறுமையாகிக் கரைவது. வானிஷ் என்பதும் அதே வேர். மருத்துவத்தில் ஸ்டில்ஸ் நோய் என்று ஒன்று உண்டு. காய்ச்சல் ஏறும்போது உடம்பில் இளஞ்சிவப்புத் தடிப்பு தோன்றும், காய்ச்சல் இறங்கினால் இருந்த இடம் தெரியாது. எவனெசன்ட் ராஷ் என்பார்கள். நோயாளிகளுக்கான ஒரு குறிப்பை மொழிபெயர்க்கும்போது அதை 'தற்காலிகத் தடிப்பு' என்று எழுதி வைத்திருந்தேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"தடிப்பு அமுங்கிரும்னு எழுது கண்ணு. தலைகாட்டும், அமுங்கிரும்."

அமுங்கும். அந்த நொடியில் புரிந்தது, நான் தேடிய இடமே தப்பு. ஆங்கிலம் இவற்றை அடைமொழிகளில் வைத்திருக்கிறது. நானும் தமிழில் அடைமொழிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். தமிழ் இவற்றை வினைகளில் வைத்திருக்கிறது. வீக்கம் வத்தும், தடிப்பு அமுங்கும், காய்ச்சல் விடும், வலி தணியும், மழை ஓயும், சாயம் போகும், வாசம் கலையும், நெருப்பு அவியும், இலை உதிரும். கூடவே 'போ' என்ற துணைவினை. அப்பளம் நமத்துப்போகும், சோறு ஊசிப்போகும், மாவு புளித்துப்போகும், கிணறு தூர்ந்துபோகும், எழுத்து மங்கிப்போகும். எந்தப் பொருள் எந்த வழியாக நம்மை விட்டுப் போகிறது என்று அடுப்படியில் இருப்பவர்களுக்கும் காட்டில் வேலை செய்பவர்களுக்கும் சாயப்பட்டறையில் நிற்பவர்களுக்கும் தனித்தனியாகத் தெரிந்திருக்கிறது. எழுதுகிற நாங்கள்தான் எல்லாவற்றையும் 'தற்காலிக' என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டோம். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. நோயாளி கையில் கொடுக்கிற தாளில் தப்பான சொல் இருந்தால் என்ன ஆகும் என்பதை அம்மாவின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

இப்போது வேலையில் அந்தச் சொல் வந்தால் நின்று யோசிக்கிறேன். 'தற்காலிகத் தலைச்சுற்றல் ஏற்படலாம்' என்று முன்பு எழுதியதை, 'தலை சுற்றி, சற்று நேரத்தில் தெளிந்துவிடும்' என்று எழுதுகிறேன். வரி நீளுகிறது என்று சில சமயம் திருப்பி அனுப்புகிறார்கள். மறுபடி அதையே எழுதி, காரணத்தையும் சேர்த்து அனுப்புகிறேன்.

அப்பாவுக்கு அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று. தினமும் காலையில் காபி டம்ளரை அம்மா அவருடைய வலது கையில்தான் கொடுப்பார். கொடுத்துவிட்டு உடனே நகர மாட்டார். முதல் வாய் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருப்பார்.

போன மாதம் கண் புரைக்காக ஒரு புது மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். வழக்கம்போல நான் பேனாவை எடுத்தேன். அப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். 'முன்பு வந்துள்ள நோய்கள்' என்ற கட்டத்தில், சாயக் கணக்கு எழுதிப் பழகிய அதே சாய்ந்த கையெழுத்தில் நிதானமாக எழுதினார்: 'மூளையில் ரத்த அடைப்பு. 2 வருடம் முன்னால் ஒரு தடவை வந்துவிட்டுப் போனது.'